அச்சுக்குள் போன மெழுகு

786

மயிலாப்பூர்,
1934 நவம்பர் 11

அன்பு மகள் ஜஹீதாவுக்கு, அத்தா குலாம் ரசூல் எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். ரங்கூனில் நீயும் மாப்பிள்ளை அப்துல் கய்யூமும் சுகமாயிருக்க துஆ செய்கிறேன். என் சுகத்தைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. சாப்பிடுகிறேன், தூங்குகிறேன்.

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை கிடைத்தது. அம்மாவின் மவுத்துக்கு வரமுடியவில்லையே என்று அழுது எழுதியிருந்தாய். ஏழு மாத வயிற்றோடு கப்பல் ஏறியிருந்தால் அவளே உன்னைத் திட்டியிருப்பாள். வரும் வெள்ளிக்கிழமை நாற்பதாம் நாள் ஃபாத்திஹா. கடிதம் பிந்திக் கிடைத்தாலும் அங்கே நீயும் நாலு பேருக்குச் சாப்பாடு போடு.

இங்கே மழை விடவில்லை. பின்கட்டில் ஓடு இரண்டு இடத்தில் ஒழுகுகிறது. நீ வளர்த்த மருதாணிச் செடி சாய்ந்துவிட்டது, கொம்பு நட்டுக் கட்டியிருக்கிறேன்.

இனி நான் எழுத வந்ததை எழுதுகிறேன். நாலு நாளாக எழுதிக் கிழித்துக்கொண்டிருக்கிறேன்.

அம்மா போன பிறகு பத்து நாள் மெழுகு அடுப்புப் பற்றவைக்கவில்லை. பிறகு லஸ் காட்டுக்கோவில் சர்ச் வாசலில் நம் மெழுகுவத்தியை விற்கும் சொர்ணம் வந்து, சரக்கு இல்லாமல் வெறுங்கூடையோடு உட்கார்ந்திருக்கிறேன் என்றாள். சரியென்று மெழுகை உருக்கி அச்சில் ஊற்றிவிட்டு, வழக்கம்போல் அஸர் தொழுகைக்குப் பள்ளிவாசல் போய் வந்தேன். வந்து பார்த்தால் அத்தனையிலும் திரியைச் சுற்றிக் குழி. கட்டை விரல் உள்ளே போகும். வேண்டுதலுக்கு வாங்குகிறவர்கள் எடுத்துப் பார்த்துவிட்டுக் கீழே வைத்துவிடுகிறார்களாம். மாதா முன்னால் வைப்பதைக் குழியோடு யார் வைப்பார்கள்?

முப்பது வருஷத்தில் என் மெழுகுவத்திக்குக் குழி விழுந்ததே இல்லை. குலாம் ரசூல் கைராசி, மேற்புறம் கண்ணாடி மாதிரி இருக்கும் என்று பள்ளிவாசலில் எத்தனை தடவை பீற்றிக்கொண்டிருக்கிறேன், உனக்கே தெரியும். முதலில் மெழுகைத் திட்டினேன். அது உங்கள் ரங்கூன் சரக்குத்தானே, உன்னையும் சேர்த்துத் திட்டினேன் என்று வைத்துக்கொள். பிறகு மழையைத் திட்டினேன். ஈரச் சாக்குப் போட்டு ஆறவைத்ததில் வெடித்துவிட்டது. மறுநாள் காலை குழியில் மெழுகை ஊற்றி நிரப்பினேன். மேல்பக்கம் சட்டி மூடி போலக் கையோடு கழன்று வந்தது.

அதைப் பார்த்துத்தான் சொர்ணம் சிரித்தாள். "இன்னா பாய், இது கூடத் தெரியாதா? ஆற ஆற மெழுகு உள்ள வாங்கிக்கும், சூடு ஆறுறதுக்குள்ள ஊத்தணும். நீ தொழுவப் போனதும் அக்கா கோணி ஊசியால திரியாண்ட நாலு குத்து குத்தி, ரெண்டாவது தரம் ஊத்திக்கினு இருக்குமே. தெனம் பாத்துக்கினு தானே சரக்கு எடுத்துக்கினு போவேன்" என்றாள். என் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திக்கொண்டாள்.

சொர்ணம் போன பிறகு, அம்மா காலத்துச் சரக்கில் மிஞ்சியிருந்த ஆறில் ஒன்றை எடுத்துக் கத்தியால் இரண்டாகப் பிளந்தேன். உள்ளே, திரியைச் சுற்றிக் கிண்ணம் வைத்ததுபோல் ஒரு கோடு. அந்தக் கோட்டுக்கு மேலே இருப்பது எல்லாம் உன் அம்மா ஊற்றியது.

ஜஹீதா, உனக்கு அப்போது ஒன்பது வயது. பெருநாள் சாப்பாட்டின்போது நடந்தது நினைவிருக்கும். பத்து ராத்தல் மெழுகு வாங்கினால் ஒரு ராத்தல் வத்திக் கணக்கில் வராமல் போகிறதே என்று எனக்கு மாதக்கணக்காய்ப் புகைச்சல். உன் அம்மாவின் பிறந்த வீட்டுக்குப் போகிறது என்று நானே முடிவுகட்டினேன். உன் மாமா பீர் முஹம்மது தட்டின் முன்னால் உட்கார்ந்திருக்க, உங்க வீட்டு விளக்கு எங்க மெழுகுலதான் எரியுது போல என்று கேட்டேன். பாதிச் சோற்றில் கையை உதறிக்கொண்டு எழுந்து போனார். பதினோரு வருஷம் நம் வாசல் மிதிக்கவில்லை. தங்கையின் ஜனாஸாவைத் தோளில் சுமந்தவர், கபருஸ்தானிலிருந்தே திருவல்லிக்கேணிக்குத் திரும்பிவிட்டார்.

அவள் சொல்லாமல் இல்லை. அன்று இரவே, மெழுகு அச்சுக்குள்ளதாங்க போவுது என்றாள். என் தொழிலை எனக்கே சொல்லித் தர்றியா என்று கத்தினேன். அதன் பிறகு அவள் அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை. தினமும் நான் தொழப் போன பின் ஊற்றினாள், திரும்பி வந்து நான் கைராசி என்று பீற்றிக்கொண்டேன்.

கடைசி நாளில் பக்கத்து வீட்டு அஃப்சருன்னிசா அவளிடம், புருஷன் தரவேண்டிய மஹர் பணத்தை மாஃப் செய்துவிடு என்று முறைப்படி கேட்டாள். செய்துவிட்டேன் என்றாள். பிறகு என் கையைப் பிடித்து, "அந்த மெழுகு ஒரு துளி வெளிய போவலைங்க" என்றாள். நான் என்ன சொன்னேன் தெரியுமா? பெரிய மனசு பண்ணுகிறவன் போல, அதையெல்லாம் நான் எப்பவோ மன்னிச்சுட்டேன் என்று சொன்னேன். அவள் என் கையை விட்டுவிட்டாள். களைப்பு என்று நினைத்துக்கொண்டேன்.

இப்போது நானே ஊசியால் குத்தி, சூடு ஆறுமுன் இரண்டாம் தரம் ஊற்றுகிறேன். நேற்று ஊற்றியது வழவழவென்று வந்தது. வியாபாரம் நடக்கும், அந்தக் கவலை உனக்கு வேண்டாம்.

மாமா வீட்டுக்குப் போய்த் தெருமுனையில் நின்றுவிட்டுத் திரும்பினேன். காலில் விழவும் தயார், ஆனால் என் முகத்தைப் பார்த்ததும் கதவைச் சாத்திவிடுவாரோ என்று பயமாயிருக்கிறது. நீ அவருக்கு முதலில் ஒரு வரி எழுது.

எனக்கும் ஒன்று எழுது. என்னைப் பற்றி அவள் உன்னிடம் எப்போதாவது ஏதாவது சொன்னாளா? மன்னித்தேன் என்று ஒரு வார்த்தை? சொல்லவில்லையென்றால் சொல்லவில்லை என்றே எழுது. கிழவன் மனசு நோகுமே என்று இல்லாததை எழுதிவிடாதே. உன் அம்மா என் மனசு நோகாமல் பார்த்துக்கொண்டது போதும்.

மாப்பிள்ளை நல்லவர்தான். நானும் நல்லவன் என்றுதான் பேர் வாங்கினேன். அவர் உன்மேல் வீண்பழி சொல்லி, நீ சொன்ன பதில் காதில் ஏறாவிட்டால் மறுபடி சொல்லு. கத்தினாலும் சொல்லு, மகளே. உன் அம்மா மாதிரி இருந்துவிடாதே.

நல்லபடியாகப் பிள்ளை பெற்று, தாயும் பிள்ளையுமாய்ச் சுகமாக இருக்க அல்லாஹ் அருள்வான். அம்மா ஊற்றியதில் மிச்சமிருக்கும் ஐந்தும் உனக்குத்தான், விற்க மாட்டேன்.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்,
அத்தா
குலாம் ரசூல்