அடுப்பில் போகாத கடிதம்

டிம்மின்ஸ், கனடா,
மே 4

அன்பு மகள் லாரிசாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். நானும் அம்மாவும் உடம்புக்கு ஒரு குறையுமில்லாமல் இருக்கிறோம், நீயும் அந்த ஸ்வீடன் குளிரில் அப்படியே இருக்க வேண்டும். ஏரியில் ஐஸ் போன வாரம்தான் உடைந்தது. உன் அண்ணன் தாராஸ் கூரை ஒழுகலைச் சரிசெய்ய வருகிறேன் என்று மூன்று ஞாயிறாகச் சொல்கிறான், வருகிறான், வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டுப் போகிறான், கூரை ஒழுகிக்கொண்டேதான் இருக்கிறது. உன் இடது முழங்கால் எப்படி இருக்கிறது? ஆட்டம் முடிந்ததும் ஈர உடையோடு பஸ்ஸில் ஏறாதே.

உன் கடிதத்தை நாலு தடவை படித்தேன். இங்கே பெண்கள் ஐஸ் ஹாக்கி லீக் டிராஃப்டுக்குப் பெயர் கொடுக்கப் போவதில்லை, முப்பத்துமூன்று வயதில் இருபது வயதுப் பெண்களோடு வரிசையில் நின்று, யாரும் கூப்பிடாமல் திரும்ப வேண்டுமா என்று கேட்டிருக்கிறாய். அதற்குத்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்.

அணிகள் சுற்றுச் சுற்றாகப் பெயர் சொல்லிப் புது ஆட்டக்காரர்களை எடுக்கும் இந்த டிராஃப்ட் என்பதே என் காலத்தில் புதுசு. அதற்கு முன்னால் பெரிய கிளப்காரர்கள் வீடு வீடாக வந்து பதினாலு வயதுப் பையன்களிடம் ஒரு காகிதத்தில் கையெழுத்து வாங்கிப் போய்விடுவார்கள், அதன்பின் அவன் ஆயுசுக்கும் அந்தக் கிளப்பின் ஆள். எனக்கும் அப்படி ஒருவர் வந்தார். என் அம்மா பெரோகிக் கொழுக்கட்டை பிடித்த மாவுக் கையோடு அவரை உட்காரவைத்து, “பையன் இன்னும் பாதிகூட வளரலை, அதுக்குள்ள அவனை ஆயுசுக்கும் எழுதி வாங்கிக்கப் பாக்குறீங்களே. பெரோகி சூடா இருக்கு, சாப்பிட்டுட்டு அந்தக் காகிதத்தை எடுத்துட்டுக் கிளம்புங்க” என்று சொல்லிவிட்டாள். அவர் பன்னிரண்டு பெரோகி சாப்பிட்டுவிட்டுப் போனார். நான் இரண்டு நாள் அம்மாவோடு பேசவில்லை. ஆனால் அந்த நாளில் இப்படி எந்தக் கிளப்பிலும் மாட்டாத பையன்களைத்தான் டிராஃப்டில் எடுப்பார்கள். அவள் மறுத்ததால்தான் அறுபத்தாறில் மாண்ட்ரியல் ஹோட்டல் அறை ஒன்றில், என் முகத்தைக்கூடப் பார்க்காத நாலு பேர் நடுவில், கடைசிச் சுற்றில் என் பெயரும் விழுந்தது. தைரியம் என்றால் என் அம்மாதான் என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

மீதிக் கதை உனக்குத் தெரியும். பயிற்சி முகாமுக்கு வரச்சொல்லிக் கடிதம் வந்தது, என்னோடு சுரங்கத்தில் வேலை பார்த்த பசங்கள் செய்த குறும்பு என்று நினைத்து அடுப்பில் போட்டுவிட்டேன். அவர்கள் அப்படிப்பட்டவர்கள்தான், ராணி விருந்துக்கு அழைக்கிறாள் என்று ஒருவனுக்குக் கடிதம் அனுப்பி அவனைப் புதுக் கோட்டு வாங்க வைத்தவர்கள். ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் இந்தக் கதையைச் சொல்லி எல்லோரையும் சிரிக்க வைத்திருக்கிறேன்.

அது பொய், லாரிசா. கடிதம் நிஜம் என்று எனக்கு அன்றைக்கே தெரியும். போய், பத்து நாளில் திருப்பி அனுப்பிவிட்டால் ஊரில் எப்படி முகம் காட்டுவது என்று பயந்தேன். அவ்வளவுதான். சுரங்கத்தில் முப்பத்தெட்டு வருடம் வேலை பார்த்தேன், அதில் எனக்கு வருத்தமில்லை. நான் அவ்வளவு நல்ல ஆட்டக்காரனா இல்லையா என்பது தெரியாமலே போனதுதான் வருத்தம்.

அதனால்தான் ஒவ்வொரு ஜூனிலும் டிராஃப்டைக் கடைசிப் பெயர்வரை விடாமல் பார்க்கிறேன். ஹோட்டல் அறையில் நடந்தது, பிறகு தொலைபேசியில் நடந்தது, பிறகு பெரிய அரங்கத்துக்கு வந்தது. கடைசியில் வந்த அணிக்கு முதலில் எடுக்கும் உரிமை, அதற்காகவே சிலர் தோற்கிறார்கள் என்று பேச்சு வந்ததும் குலுக்கல், எல்லாம் அழகான ஏற்பாடு. ஆனால் முதல் சுற்றில் புதுக்கோட்டோடு மேடை ஏறுகிறவனை யார் வேண்டுமானாலும் பாராட்டலாம். எனக்குப் பிடித்தவர்கள், அரங்கம் முக்கால்வாசி காலியான பிறகும் அம்மா அப்பாவோடு உட்கார்ந்திருக்கிறார்களே, அவர்கள்தான். பெண்கள் லீக்கின் முதல் டிராஃப்ட் அன்றைக்குப் பதினைந்து சுற்றும் பார்த்தேன். வேலை பார்த்துக்கொண்டே ஆடியவர்கள், உன் வயதுக்காரிகள், தாங்களே முன்வந்து பெயர் கொடுத்திருந்தார்கள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. என்னால் முடியாததை அவர்கள் செய்தார்கள்.

நேற்று இதை உன் அம்மாவிடம் சொன்னேன். அவள் உருளைக்கிழங்கு உரிப்பதை நிறுத்தவேயில்லை. “கல்யாணமான வருஷமே உன் ஸ்கேட் பெட்டியில அந்தக் கடிதத்தைப் பாத்துட்டேன் மைரன். பொய்க் கடிதத்தை எவனாவது இவ்வளவு பத்திரமா மடிச்சு வைப்பானா? நீயா சொல்லட்டும்னுதான் இருந்தேன். உன் மகளுக்கு இப்பவாவது சொல்லு, அவளும் உன்ன மாதிரியே கதை கட்ட ஆரம்பிச்சிட்டா” என்றாள்.

கர்த்தர் உன்னோடு இருப்பார். கால் பத்திரம். அம்மா பின்னிய கம்பளிச் சாக்ஸ் தனிப் பார்சலில் வருகிறது. அந்தப் பழைய கடிதத்தை இதோடு வைத்திருக்கிறேன், கிழியாமல் பிரி. அதற்குப் பதில் போட வேண்டிய தேதி தாண்டி ஐம்பத்தெட்டு வருடம் ஆகிறது. நீ பெயர் கொடுக்க இந்த மாதம் முப்பத்தொன்று வரை நேரம் இருக்கிறது. தபால் பத்து நாள் எடுத்துக்கொண்டாலும் பதினேழு நாள் மிச்சம்.

உன்னைப் பார்த்துப் பெருமைப்படும்,
அப்பா மைரன்