இரும்பு வேண்டாம், பள்ளத்தை மூடாதீர்கள்

மரியாதைக்குரிய என் வீட்டுக்காரருக்கு,

நம் வாசலில் தோண்டிய பள்ளத்தில் தண்ணீருக்கு இரும்புக் குழாய்தான் போட வேண்டும் என்று போனில் கத்தினேனே, அது ஒன்றும் தெரியாமல் கத்தியது. உங்கள் முழங்கால் வலி தேவலையா? கோபத்தில் நீங்கள் போனை எடுப்பதில்லை. அதனால் நாளை நம் ஊருக்கு வரும் எங்கள் விடுதிச் சமையல்காரம்மாவிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். வெள்ளிக்கிழமை பள்ளத்தை மூடிவிடுவார்களே என்று நினைத்தால் சோறு இறங்கவில்லை.

இங்கே நான் வேலை பார்க்கும் சலவைக் கடையில் தண்ணீர் நின்றுபோய், தரையைத் தோண்டிப் பழைய இரும்புக் குழாயை எடுத்தார்கள். குழாய்க்காரர் ஒரு துண்டை நீட்டி, “வெளிய பார்த்தா பயில்வான்மா, உள்ள பாருங்க” என்றார். துரு மண்டி, ஓட்டை சுண்டைக்காய் அளவுக்குச் சுருங்கியிருந்தது. உங்கள் ஞாபகம் வந்தது.

“உங்க வாசல்ல மரம் இருக்கா? வேர் இணைப்பைத்தான் பிளக்கும். இணைப்பே இல்லாத கறுப்புச் சுருள் பைப்பைப் போடச் சொல்லுங்க” என்றார். நீங்கள் சொன்னதும் அதேதான். மருமகள் பிள்ளையோடு வரும்போது துருத் தண்ணீரிலா குளிப்பாட்டுவது? இரும்பைப் போட்டிருந்தாலும் உடனே மாற்றுங்கள்.

பைப்பைப் பதித்ததும் போட்டோ அனுப்புங்கள். ஆழம் தெரிய நீங்களும் பள்ளத்தில் நில்லுங்கள். முகமும் தெரியட்டும்.

சமையல்காரம்மா ராத்திரி பஸ்ஸுக்கு நேரமாகிறதென்று அவசரப்படுத்துகிறார்.

உங்கள் வாயாடி

இந்த வரிகள் மட்டும் இடது கையால் எழுதியவை. அந்த இரும்புத் துண்டுக்குள் வலது சுண்டு விரல் நுழைகிறதா என்று பார்த்தேன். நுழைந்தது. குழாய்க்காரர் ரம்பம் எடுத்துவரப் போயிருக்கிறார்.