திங்கட்கிழமைத் துடைப்பம்

சிஸ்டர்,

இன்று காலை பள்ளிக் கழிப்பறையைக் கழுவிவிட்டு வந்து மேசையில் உட்கார்ந்தேன். சோப்புப் போட்டும் கையிலிருந்து ஃபினாயில் வாசனை போகவில்லை. நீங்கள் இறந்த செய்தி போன வாரமே வந்துவிட்டது. அப்போது வராத அழுகை இந்த வாசனைக்கு வந்தது.

புத்தலப்பட்டுப் பக்கம், மெயின் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளியிருந்த உங்கள் ஆரம்பப் பள்ளிக்கு டிகிரி முடித்த கையோடு ஆசிரியையாக வந்தேன். நீங்கள் தலைமையாசிரியை, என்னைவிட நாலைந்து வயதுதான் மூத்தவர். ஊரில் பாதிப் பேர் பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போய்க்கொண்டிருந்த காலம். சித்தூர் இங்கிலீஷ் மீடியம் பள்ளிகளின் வேன்கள் ஊருக்குள் வர ஆரம்பித்திருந்தன. நாங்கள் பழைய புராட்டஸ்டண்ட் மிஷன் சபைக்காரர்கள். கத்தோலிக்கப் பள்ளி என்றதும் அம்மா எச்சரித்தாள்: "கன்னியாஸ்திரிங்க டீ குடுத்தா குடி. ஜெபமாலை குடுத்தா வாங்காத." நான் டீயைக்கூட யோசித்துத்தான் குடித்தேன்.

நீங்கள் ஜெபமாலை தரவில்லை. துடைப்பம் தந்தீர்கள்.

ஒரு சனிக்கிழமைக் கூட்டத்தில் திருச்சபையின் சமூகப் படிப்பினையைப் பற்றிப் பேசினீர்கள். மனித மாண்பு, உழைப்பின் மாண்பு. "செவுத்துல எழுதி வெச்சா போதாது, கையில தெரியணும்" என்றீர்கள். இனிமேல் கழிப்பறை கழுவத் தனி ஆள் கிடையாது. ஆசிரியர்களும் பிள்ளைகளும் முறை வைத்துக் கழுவ வேண்டும். முதல் திங்கட்கிழமை யார் என்று கேள்வி வந்தது. நீங்கள் என் பக்கம் திரும்பினீர்கள். மற்ற ஆசிரியைகள் நிம்மதியாக மூச்சு விட்டது எனக்குக் கேட்டது.

என் அம்மா ஆஸ்பத்திரிக் கழிப்பறைகளைக் கழுவித்தான் என்னைக் காலேஜுக்கு அனுப்பினாள். வேலைக்குச் சேரும்போது உங்களிடம் நானே அதைச் சொல்லியிருந்தேன்.

மறுப்புச் சொல்லாமல் கழுவினேன். அன்றிலிருந்து உங்களைக் கண்காணிக்கவும் ஆரம்பித்தேன். எந்தத் தெருப் பிள்ளையை எத்தனை முறை கூப்பிடுகிறீர்கள், யாருடைய கையில் வாளி, யாருடைய கையில் பிரஷ் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். நீங்களும் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கழுவினீர்கள். அதுகூட வேஷமாக இருக்கலாம் என்று நினைத்தேன்.

பிறகு மூன்றாம் வகுப்பு மஞ்சுளாவின் அப்பா வந்தார். பெங்களூரிலிருந்து பண்டிகைக்கு வந்தவர், மகளைப் பார்க்க நேரே பள்ளிக்கு வந்துவிட்டார். அவள் கையில் துடைப்பம்.

"சிஸ்டரம்மா, நான் அங்க சிமெண்டு சுமந்துகினு கெடக்கறது எதுக்கு? எம்பொண்ணு கக்கூஸ் கழுவறதுக்கா? எங்கம்மா கழுவினா, எம்பொண்டாட்டி கழுவினா. போதும். டி.சி. குடுங்க, இட்டுகினு போறேன்."

"சிஸ்டரும்தான் கழுவறாங்க நைனா" என்றாள் மஞ்சுளா.

"அவங்க கழுவினா கும்பிடுவாங்க. நீ கழுவினா என்ன சொல்லுவாங்க தெரியுமா?"

எனக்குள் இருந்ததை அவர் சொல்லிவிட்டார். ஆனால் அவரோடு போனால் அந்தப் பெண்ணுக்குப் பள்ளிக்கூடம் கிடையாது, மணல் சலிக்கும் வேலைதான் என்பதும் எனக்குத் தெரியும். நீங்கள் வாதாடவில்லை. "நாளைக்குக் காலையில ஒரு தடவை வாங்க. பாத்துட்டு அப்புறம் வாங்கிக்கங்க" என்றீர்கள்.

மறுநாள் கழிப்பறைக்குள் பிரஷோடு நின்றவள், ஊர்ப் பெரிய வீட்டுப் பேத்தி. நீங்கள் வாளியோடு பக்கத்தில். "நீள்ளு சிஸ்டர், நீள்ளு!" என்று தண்ணீர் கேட்டு உங்களையே அதட்டினாள். மஞ்சுளாவின் அப்பா கையைக் கட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். கடைசியில் சிரித்துவிட்டார்.

"இந்தப் பாப்பாவுக்குத் தேய்க்கவே தெரிலயே. எம்பொண்ணுகிட்ட கத்துக்கச் சொல்லுங்க."

டி.சி. கேட்காமல் போனார். மஞ்சுளா தங்கினாள். பெரிய வீட்டுப் பேத்தி அடுத்த வாரமே சித்தூர் வேனில் ஏறினாள்.

மஞ்சுளாவின் அப்பா சிரித்துவிட்டுப் போன அன்று சாயங்காலமே நான் உங்களிடம் வந்தேன். "இன்னிக்கு அந்தப் பெரிய வீட்டுப் பொண்ணு முறை இல்லையே சிஸ்டர்?"

"இல்ல. மாத்தி விட்டேன்."

"அப்போ அந்த முதல் திங்கட்கிழமை?"

வாளியைக் கவிழ்த்து வைத்துவிட்டுத்தான் பேசினீர்கள். "யாரு மாட்டேன்னு சொல்ல மாட்டாங்கன்னு பாத்தேன். உங்களக் கூப்பிட்டேன். மாட்டேன்னு சொல்ல முடியாதவங்க கையில குடுத்துட்டு, அதுக்கு மாண்புன்னு பேரு வெச்சேன்."

நான் சமாதானம் ஆகவில்லை.

"என்னை நம்பிக்கிட்டு இருக்காதீங்க டீச்சர். பாத்துக்கிட்டே இருங்க" என்றீர்கள்.

அடுத்த திங்கட்கிழமையிலிருந்து, நான் அந்தப் பள்ளியில் இருந்தவரை, முதல் துடைப்பம் உங்கள் கையில்தான். எல்லாம் நான் பார்ப்பதற்காகத்தானோ என்ற சந்தேகம் கடைசிவரை போகவில்லை. அதை உங்களிடம் கேட்க நினைத்து, கேட்காமலே விட்டேன். இனி கேட்க முடியாது.

இப்போது திருப்பதியில் ஒரு சின்னப் பள்ளிக்கு நான் தலைமையாசிரியை. இங்கேயும் முறை உண்டு. திங்கட்கிழமை என்னுடையது. புதிதாகச் சேர்ந்த ஆசிரியை ஒருத்தி, நான் வாளியோடு போனதையும் வந்ததையும் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு வந்து கேட்டாள்:

"நாளைக்கு யாரு மேடம்?"

அந்தக் குரலை எனக்குத் தெரியும்.

"நீங்களே சொல்லுங்க" என்றேன்.

கொஞ்சம் யோசித்துவிட்டு, எங்களில் மூத்தவரான கணக்கு சாரின் நாற்காலியைக் காட்டினாள். அவர் அவசரமாகப் பேப்பரை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டார். அறையே சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. அவள் கண் என் மேலேயே இருந்தது.

இருக்கட்டும், சிஸ்டர்.