பன்னிரண்டாவது கட்டம்

பிப்ரவரி 3

கணவர் வீட்டைவிட்டுப் போய் ஐந்து மாதம். வேலைக்குப் போகிறேன், வருகிறேன். தங்கை போனில் விடவில்லை. "எந்நேரமும் சுவரையே பாத்துட்டு இருக்கியே அக்கா, ஒரு கிட்டாராவது கத்துக்கோயேன்." சரி என்றேன். மறுத்துப் பேசச் சோம்பலாக இருந்தது.

பிப்ரவரி 9

இணையத்தில் இருப்பதிலேயே மலிவானதை வாங்கினேன். நீல நிறம். பழகத்தானே, இது போதாதா? கிட்டார் வகுப்பு ஒன்றிலும் சேர்ந்தாயிற்று.

பிப்ரவரி 20

விரல் நுனியெல்லாம் கன்றிவிட்டது. எவ்வளவு அழுத்தினாலும் கரகரப்புதான்.

மார்ச் 2

வகுப்பில் மற்ற மூவரும் ஒரு பாட்டுக்கு வந்துவிட்டார்கள். நான் வாசித்தால் அபஸ்வரம். எனக்கு எதுவுமே வராது என்பார் அவர் — கார் ஓட்ட, நாலு பேரிடம் பேச, பிள்ளை பெற. இதுவும் வரவில்லை. நிறுத்திவிடலாம். வருத்தம்கூட இல்லை.

மார்ச் 9

நிறுத்துவதாகச் சொல்லத்தான் போனேன். டீச்சர் என்னைவிடப் பதினைந்து வயது சின்னவள். கிட்டாரை வாங்கி ஒரு கம்பியை வெறுமனே மீட்டினாள். அதே கம்பியை, கிட்டாரின் கழுத்தில் குறுக்குத் தகடுகள் பிரிக்கும் கட்டங்களில் பன்னிரண்டாவதில் அழுத்தி மறுபடி மீட்டினாள்.

"ரெண்டும் ஒரே ஸ்வரம்தான்க்கா, கீழ ஒண்ணு மேல ஒண்ணு. ஒத்துப்போகணும். போகுதா?"

போகவில்லை. கிட்டாரின் கழுத்து வளைந்திருக்கிறதாம். கம்பியும் அளவுக்கு மீறிய உயரத்தில்.

"இத நான் வாசிச்சாலும் இப்படித்தான் இருக்கும். நீங்க ஏன் உங்க கைய திட்டுறீங்க?"

பதினெட்டு வருடமாக ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் இருக்கிறேன். அளவு தப்பாக வந்தால் முதலில் இயந்திரத்தைத்தான் சரிபார்ப்போம். இது எப்படி எனக்குத் தோன்றாமல் போயிற்று?

மார்ச் 16

கூடத்திலிருந்து நேராகக் கடைக்குப் போனேன், அடையாள அட்டையைக்கூடக் கழற்றாமல். பழையதும் கையில். ஏழு கிட்டார் பார்த்தேன். ஒவ்வொன்றிலும் ஆறு கம்பி. வெறுமனே ஒருமுறை, பன்னிரண்டாவது கட்டத்தில் ஒருமுறை. நோட்டில் குறித்துக்கொண்டே வந்தேன்.

கடைக்காரர் என் அட்டையைப் பார்த்தார். "கிட்டார் வாங்க வந்தீங்களா மேடம், ரத்தம் எடுக்க வந்தீங்களா?"

இருப்பதிலேயே பளபளப்பானது இரண்டாவது கம்பியிலேயே தோற்றது. மூலையில் கிடந்த பழுப்பு நிறத்தது ஆறிலும் தேறியது. கம்பிகளைக் கொஞ்சம் இறக்கியும் கொடுத்தார்.

"பழச குடுத்துட்டுப் போங்க, விலையில கழிச்சுக்கிறேன். புதுசா கத்துக்கிறவங்க யாராவது வாங்கிட்டுப் போவாங்க."

"குடுக்க மாட்டேன்."

"உங்களுக்குத்தான் வேணாமே?"

"யாருக்குமே வேணாம்! இத வாங்கிட்டுப் போய் இன்னொருத்தி, தப்பெல்லாம் தன் மேலதான்னு நெனச்சுக்கிட்டுக் கெடக்கணுமா?"

கடையே திரும்பிப் பார்த்தது. அப்போதுதான் தெரிந்தது, கத்தியிருக்கிறேன்.

இரண்டையும் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். பழையதின் ஆறு கம்பிகளையும் வெட்டிப் போட்டாயிற்று. புதியதை உறையிலிருந்து எடுக்கவில்லை. கோபம் கொஞ்சம் அடங்கட்டும்.