என் மோதிரத்தை நம்பி இறங்கியவன்

மொந்தால்வா கோட்டைக்கு வெளியே, அரசரின் பாசறை
புனித மார்த்தீன் திருநாளுக்குப் பின் மூன்றாம் நாள்

என் தங்கை மென்சியாவுக்கு, அண்ணன் வெலாஸ்கோ எழுதுவது. மடத்தில் நீயும் உன்னோடு இருக்கும் சகோதரிகளும் நலமாக இருக்கக் கடவுளை வேண்டுகிறேன். போன மாதம் உனக்கு இருமல் என்று கேள்விப்பட்டேன். குறைந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

வேறு யார் வாயிலிருந்தும் நீ இதைக் கேட்கக் கூடாது என்பதால் முதலிலேயே எழுதிவிடுகிறேன். உன் மகன் ஃபோர்தூன் இறந்துவிட்டான். போன செவ்வாய்க்கிழமை காலையில். மார்பில் ஈட்டி பாய்ந்தது. நெடுநேரம் துடிக்கவில்லை. நான் பத்தடி தூரத்தில் நின்றிருந்தேன்.

எப்படி நடந்தது என்று வரிசையாகச் சொல்கிறேன். வரிசையாகச் சொல்வது ஒன்றுதான் இப்போது எனக்கு வருகிறது.

உன் கணவர் உயிரைக் கொடுத்துக் காத்த கோட்டையை அரசர் தன் நண்பன் ஒருவனுக்குக் கொடுத்தது உனக்குத் தெரியும். அப்பாவின் ரத்தம் காயும் முன்னே இன்னொருவனுக்குத் தரமாட்டேன் என்று ஃபோர்தூன் கதவைச் சாத்திக்கொண்டதும் தெரியும். நாற்பத்து மூன்று நாள் முற்றுகை. உள்ளே கிணறு வற்றிவிட்டது. வெளியே எங்கள் ஆட்களுக்கும் பேதி. குளிர் வந்துவிட்டது. அரசருக்குப் பொறுமை போய்விட்டது.

திங்கட்கிழமை என்னைக் கூடாரத்துக்கு அழைத்தார். "அவன் உங்க மருமகன்தானே, ஆயரே? தாய்மாமன் எழுத்துன்னா நம்புவான். உயிருக்கு ஒண்ணும் ஆகாது, இறங்கி வான்னு நீங்களே எழுதிடுங்க" என்றார். எழுதினேன். அரச முத்திரை வைக்க மெழுகை உருக்கியபோது கையை நீட்டித் தடுத்தார். "அது வேணாம். உங்க மோதிரத்தையே அழுத்துங்க, போதும். சொந்தக்காரங்களுக்குள்ள எதுக்கு அவ்வளவு பெரிய மெழுகு?" என்று சிரித்தார். சுற்றி நின்றவர்களும் சிரித்தார்கள். நானும் சிரித்ததாக நினைவு.

கடிதம் உள்ளே போயிற்று. மறுநாள் விடிந்ததும் ஃபோர்தூன் மதில் மேல் வந்து நின்றான். மெலிந்திருந்தான். தாடி வளர்ந்திருந்தது. "மாமா, இது நீங்க எழுதினதுதானா? இல்ல, யாராச்சும் கழுத்துல கத்திய வச்சு எழுத வச்சாங்களா?" என்று கத்தினான். "நான்தாண்டா எழுதினேன்" என்றேன். "அப்ப சரி, இறங்கி வர்றேன். சூடா ஏதாச்சும் செஞ்சு வையுங்க. பத்து நாளா கழுதைக் கறிதான், அதுவும் கிழட்டுக் கழுதை" என்றான். இரு பக்கத்து ஆட்களும் சிரித்தார்கள். ஆட்டுக்கறியும் கொண்டைக்கடலையும் போட்டுச் சமைக்கச் சொல்லி என் சமையல்காரனுக்கு ஆள் அனுப்பினேன்.

வாளை அவிழ்த்துக் கையில் பிடித்தபடி வந்தான். அரசர் முன்னால் மண்டியிட்டு அதைத் தரையில் வைத்தான். அவன் எழுவதற்கு முன் அரசர் காவலர்களைப் பார்த்தார். அவ்வளவுதான், மென்சியா. ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. ஃபோர்தூன் விழும்போது அரசரைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தான். அவன் முகத்தில் கோபம் இருந்ததா என்று நீ கேட்பாய். இல்லை. ஏதோ சரியாகக் காதில் விழாதவன் போல இருந்தான்.

நான் அரசரிடம் போனேன். "உயிருக்கு ஆபத்தில்லைன்னு வாக்கு கொடுத்திருக்கோமே" என்றேன். "நான் எங்க கொடுத்தேன்? கடிதத்துல யாரோட முத்திரை இருக்குன்னு பாருங்க, ஆயரே" என்றார். குரலை உயர்த்தவில்லை. பிறகு என் தோளைத் தட்டி, "நீங்க இல்லன்னா இது முடிஞ்சிருக்காது" என்றார்.

கூடாரத்துக்குத் திரும்பினேன். சாப்பாடு தயாராக இருந்தது. உட்கார்ந்து சாப்பிட்டேன். இதையும் நீ தெரிந்துகொள்ள வேண்டும். உப்புக் குறைவு என்று சமையல்காரனிடம் சொன்னேன். அவன் அழுதுகொண்டே உப்பு கொண்டுவந்தான். அவன் ஏன் அழுகிறான் என்று எனக்குச் சட்டென்று புரியவில்லை.

அன்று முதல் தினமும் பூசை வைக்கிறேன். சொற்கள் தாமாக வருகின்றன. கை தானாக அப்பத்தை உயர்த்துகிறது. பாவசங்கீர்த்தனம் செய்ய என் பேராலயத்துக் குரு ஒருவரை வரவழைத்தேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, பரிகாரமாக மூன்று நாள் வெறும் ரொட்டியும் தண்ணீரும் என்றார். அதற்குமேல் ஓர் ஆயரிடம் கேட்க அவருக்குப் பயம். அந்தக் குளிரிலும் அவர் நெற்றி வியர்த்திருந்தது. நான் மூன்று நாளும் அப்படியே இருந்துவிட்டேன். பசிக்கவே இல்லை.

அரசர் என்னையும் ஏமாற்றிவிட்டார் என்று பாசறையில் எல்லோரும் இரக்கப்படுகிறார்கள். உன்னிடமும் அப்படித்தான் சொல்வார்கள். நம்பாதே. இருபத்திரண்டு வருடம் அரச முத்திரையைக் காத்தவன் நான். அது இல்லாத வாக்கு அரசரைக் கட்டாது என்று இந்த நாட்டில் என்னைவிட நன்றாகத் தெரிந்தவர் யாரும் இல்லை. அவர் கையை நீட்டித் தடுத்த அந்த நொடியில் எனக்குத் தெரியும். கொல்வார் என்று நினைக்கவில்லை. சிறையில் போடுவார், கொஞ்ச நாளில் நான் பேசி விடுவிப்பேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஏன் வேண்டாம் என்கிறீர்கள் என்று ஒரே ஒரு கேள்வி கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. கேட்காமல் விட்ட கேள்விகளால்தான் நான் இந்த ஆயர் நாற்காலிவரை வந்தேன். அன்றும் பழக்கம் போல வாயை மூடிக்கொண்டேன்.

நேற்று அரச முத்திரையைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். உடல்நலம் சரியில்லை என்று காரணம் சொன்னேன். அரசர் மறுக்கவில்லை. வேறொருவரை ஏற்கெனவே பார்த்து வைத்திருந்தார் போலிருக்கிறது.

உடலைக் கேட்டேன், கொடுத்துவிட்டார். நாளை காலை கோவேறு கழுதை வண்டியில் கிளம்புகிறோம். பாதை முழுக்க உறைபனி. அதனால் உடலுக்கு ஒன்றும் ஆகாது. வரும் வியாழக்கிழமை மதியம் உன் மடத்து வாசலுக்கு வந்துவிடுவோம். ஒரு போர்வையில் சுற்றியிருக்கிறேன். கழுவவில்லை. அதைச் செய்ய எனக்கு என்ன உரிமை இருக்கிறது? தலைமுடியில் மட்டும் மண் ஒட்டியிருந்தது, தட்டிவிட்டேன்.

வண்டியை மட்டும் உள்ளே விட்டு என்னை வெளியே நிறுத்தச் சொன்னாலும் நின்றுகொள்கிறேன். அது எனக்குப் பெரிய விஷயம் இல்லை. உன் முகத்தை நீ எனக்குக் காட்ட வேண்டியதும் இல்லை. மன்னிப்பு என்ற சொல்லை இந்தக் கடிதத்தில் எங்கும் எழுதவில்லை என்பதைக் கவனித்திருப்பாய். அதை எழுதவும் போவதில்லை.

ஒன்றை மட்டும் கேட்கிறேன். வண்டியிலிருந்து இறக்க இரண்டு பேர் வேண்டும். வேலைக்காரர்களைக் கூப்பிடாதே. தலைப்பக்கம் நீ பிடித்துக்கொள். கால்பக்கத்தை நான் பிடிக்கிறேனே, தங்கச்சி.

வெலாஸ்கோ