உடைந்த சோபாவும் ஒரு ஹெல்மெட்டும்

என்னங்க,

வண்டிச் சேத்தைக் கழுவப் போன ஆளை இன்னும் காணோம். எனக்கு வேலைக்கு நேரமாச்சு. சாப்பாடு மேஜை மேல மூடி வச்சிருக்கேன். அது பக்கத்துல உங்க முட்டிக் கவசத்தைக் கழட்டி வைக்காதீங்க.

நேத்து கத்தினதுக்கு நான் மன்னிப்பெல்லாம் கேக்க மாட்டேன். கரடுமுரடான மண்ணுல பைக்கை எழுந்து நின்னுதான் ஓட்டணும், சரி. அதைப் பழக நம்ம சோபாதானா கிடைச்சுது? கைப்பிடி மேல ரெண்டு பக்கமும் காலைப் போட்டு, ஹெல்மெட்டோட குதிகுதின்னு குதிச்சா அது பாவம் என்ன பண்ணும்?

மத்தியானம் கார்பெண்டர் வருவார். எப்படி உடைஞ்சதுன்னு கேட்டா, குண்டா ஒரு விருந்தாளி உக்காந்தார்னு சொல்லுங்க. தயவுசெஞ்சு நடிச்சுக் காட்டாதீங்க.

கொடியில தொங்கற உங்க மார்புக் கவசத்தை உள்ள எடுங்க. பக்கத்து வீட்டம்மா ஆமை வளர்க்கறீங்களான்னு கேக்கறாங்க.

சொல்ல மறந்துட்டேன். கார்பெண்டர்கிட்ட ரெண்டு கைப்பிடின்னு சொல்லிடுங்க. வலது பக்கம் நீங்க. இடது பக்கம் நான். நீங்க அந்தப் பக்கம் போனதும், அப்படி என்னதான் இருக்கு இதுலன்னு ஒரு தடவை ஏறிப் பார்த்தேன். ஒரே ஒரு பள்ளம்தான் தாண்டினேன், மடார்னு போச்சு.

சிரிச்சது போதும். ஞாயித்துக்கிழமை பைக் ஓட்ட நானும் வரேன். உங்க ஹெல்மெட் எனக்குத் தொளதொளங்குது, சின்னதா ஒண்ணு பாருங்க.