லிட்டருக்கு ஒரு இங்க் புட்டி ஆயில்

சின்னமனூர்,
ஆவணி, 1976
ஞாயிறு மாலை

அன்பு மகள் முருகம்மாளுக்கு அப்பா சுருளிவேல் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் அம்மாவும் தங்கச்சி சுப்புத்தாயும் சுகம், வாய்க்காலில் தண்ணீர் ஓடுகிறது, கொடிக்காலில் வெற்றிலை தளதளவென்று நிற்கிறது, ஆகவே ஒரு குறையும் இல்லை. பிலாயில் நீயும் மாப்பிள்ளையும் பேரனும் சுகமாக இருக்கிறீர்கள் என்று அடுத்த தபாலில் தெரிந்தால் எனக்கு அது போதும். உன் அம்மா கடமலைக்குண்டில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருக்கிறாள், நாளை மதியம் வந்துவிடுவாள். மாப்பிள்ளை இரும்பு ஆலைக்கு ஷிப்டு போக மோட்டார் சைக்கிள் வாங்கப்போவதாகவும், எது வாங்கலாம் என்று மாமாவிடம் கேட்டு எழுதச் சொன்னதாகவும் நீ எழுதியிருந்ததைத் தங்கச்சி வாசிக்கக் கேட்டேன், மிகவும் சந்தோஷம். நான் ஒருவன் சொன்னால் போதாது என்று, வண்டி வைத்திருக்கிற இரண்டு பேரிடமும் விசாரித்துவிட்டுத்தான் எழுதச் சொல்கிறேன். கடைவீதி மளிகைக்கடை பலவேசம் புல்லட் வைத்திருக்கிறார். அவர், "புல்லட்டுன்னா அது வண்டியில்ல மாமா, வாசல்ல கட்டுன யானை, சும்மா நின்னாலே நாலு பேரு மதிப்பாக" என்றார். உள்ளேயிருந்து அவர் சம்சாரம், "வீட்டுக்கும் கடைக்கும் இருநூறு அடி, அதுக்கு எதுக்குப்பா யானை" என்று கேட்டது. கம்பத்தில் திராட்சையை மொத்தமாகப் பிடித்து விற்கிற மொக்கைச்சாமி ஜாவா வைத்திருக்கிறான். மிதித்துக் கிளப்புகிற அதே கம்பியை மடக்கினால் கியர் ஆகிவிடுகிறது, பார்க்க வேடிக்கையாக இருக்கிறது. "கம்பத்துல மிதிச்சா தேனியிலதான் காலை ஊனுவேன், ஆனா சுமை ஏத்துறதுக்குன்னா என்னையக் கேக்காதீக" என்றான். நம் ராஜ்தூத்தை உனக்குத் தெரியும், ஞானதுரை வாத்தியார் ஏழு வருஷம் ஓட்டி என்னிடம் கொடுத்தது, வருகிற சரஸ்வதி பூசையோடு நம் வீட்டுக்கு வந்து ஒரு வருஷம். அது கழுதை மாதிரி, அதட்டினாலும் தட்டிக்கொடுத்தாலும் ஒரே நடைதான், ஆனால் இரண்டு கட்டு வெற்றிலையையும் என்னையும் சுமந்துகொண்டு மேகமலை ஏறிவிடுகிறது. முன்பு ஜீப்பில் ஆள் நிரம்புகிறவரை காத்துக் கிடப்பேன், அதற்குள் இலையின் ஓரம் கறுத்துவிடும். இப்போது நாலு மணிக்குக் கிளம்பினால் எட்டு மணிக்கு எஸ்டேட் கடைகளில் இலை போய்ச் சேர்ந்துவிடுகிறது. ஆகவே என் அபிப்பிராயம், மாப்பிள்ளை இதையே வாங்கட்டும். ஒன்றே ஒன்று, இந்த வண்டிக்குப் பெட்ரோலில் ஆயில் கலந்து ஊற்ற வேண்டும், லிட்டருக்கு ஒரு இங்க் புட்டி. நம் வீட்டில் சுப்புத்தாய்தான் கலக்கிறாள், அவள் கை அளவு தப்பாது. இலைக்குத் தண்ணீர் தெளிக்க வேண்டும், மீதியை நாளை சொல்கிறேன்.

திங்கள் மாலை

முருகம்மா, நேற்றுச் சொன்னதை மாப்பிள்ளையிடம் சொல்லாதே. இன்று விடியற்காலம் மலையில் ஏழாவது வளைவில் வண்டி இன்ஜின் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டது. பின்சக்கரம் அப்படியே இறுகி, நான் மலைப் பக்கம் விழுந்தேன், முழங்காலிலும் முழங்கையிலும் தோல் போனது, வேறு ஒன்றும் இல்லை, பயப்படாதே. இலை முழுவதும் வெயிலில் வெந்துபோனது. தேயிலை லாரியில் வண்டியை ஏற்றிக்கொண்டு வந்தேன். உள்ளே கெட்டுப்போனதை மறைத்து வாத்தியார் என் தலையில் கட்டிவிட்டார். சர்ச்சுக்குப் போகிற வேதக்காரர், பொய் சொல்ல மாட்டார் என்று நம்பினேன். நாளை விடிந்ததும் நாலு பேரோடு போய் அவர் வாசலில் நின்று கேட்கப்போகிறேன். மாப்பிள்ளை எந்தப் பழைய வண்டியையும் யாரையும் நம்பி வாங்க வேண்டாம்.

திங்கள் இரவு

அக்கா, இது நான், சுப்புத்தாய். இனி வருவது அப்பா சொல்லாதது. எல்லாரும் தூங்கிவிட்டார்கள். நான் கொல்லைச் சாய்ப்பில் இருக்கிறேன், எனக்கு வீட்டுக்குத் தூரம். வண்டியும் இங்கேதான் நிற்கிறது, பெட்ரோல் வாடை இருப்பதால் விளக்கைத் துவைக்கிற கல்லின்மேல் தள்ளி வைத்துவிட்டு, அந்த வெளிச்சம் எட்டுகிற இடத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். உள்ளே அப்பா புரண்டு படுக்கும்போதெல்லாம் முழங்கால் வலியில் முனகுகிறார், ஒவ்வொரு முனகலுக்கும் பேனாவை எடுத்துவிடுகிறேன். அக்கா, வாத்தியார் ஏமாற்றவில்லை. வண்டி கெட்டதற்குக் காரணம் நான்தான். நேற்று அப்பா கடிதத்தை நிறுத்திவிட்டு எழுந்து போனார் இல்லையா, அதற்குப் பிறகு கொஞ்ச நேரத்தில்தான் எனக்கு இப்படி ஆயிற்று. அம்மா வீட்டில் இல்லை. அப்பாவிடம் எப்படிச் சொல்வது. டாங்க் வறண்டு கிடந்தது, பெட்ரோல் கேன் இங்கே சாய்ப்பில்தான் இருக்கிறது, ஆனால் ஆயில் டின் இலை அறைக்குள் இருக்கிறது. போன சரஸ்வதி பூசைக்கு அப்பா அந்த டின்னுக்குச் சந்தனம் குங்குமம் வைத்துச் சாமி படத்துக்குக் கீழே பலகையில் வைத்தார், அன்றிலிருந்து அதற்கு அதுதான் இடம். அந்த அறையில்தான் மறுநாள் மலைக்குப் போகிற இலையை ஈரச்சாக்கில் மூடி வைத்திருந்தது. சாமியும் இலையும் இருக்கிற அறைக்குள் நான் எப்படிப் போவேன். கேனில் இருந்த நாலு லிட்டரையும் ஆயில் கலக்காமல் அப்படியே டாங்கில் ஊற்றினேன். பக்கத்து வீட்டு ராக்கம்மாள் அத்தை வந்தால் டின்னை எடுத்துத் தரச் சொல்லலாம் என்று வேலிப் பக்கமே நின்றேன், அத்தை வரவில்லை. இருட்டிவிட்டது. அப்பா உள்ளேயிருந்து, "ஆத்தா, ஆயிலக் கலந்துட்டியா" என்று கேட்டார். "கலந்தாச்சுப்பா" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று இப்போதும் தெரியவில்லை, வாய் தானாகச் சொல்லிவிட்டது. விடியற்காலம் எழுந்து எப்படியாவது நிறுத்திவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டே உள்ளே வேர்க்கிறது என்று சொல்லி இங்கே வந்து படுத்தேன். விழித்தபோது அப்பா வண்டியைத் தெருவுக்குத் தள்ளிக்கொண்டு போயிருந்தார். சத்தம் மலைப் பக்கம் போய்த் தேய்கிற வரைக்கும் கேட்டுக்கொண்டு நின்றேன், ஓடிப்போய்க் கத்தியிருக்கலாம், கத்தவில்லை. பள்ளிக்கூடத்துக்கும் போகவில்லை. மதியம் அம்மா வந்தாள், இன்றுதான் தூரமானேன் என்று அவளிடமும் பொய் சொன்னேன். அடுத்த அரைமணி நேரத்தில் லாரி வந்து நின்றது, அப்பா ரத்தக் காலோடு இறங்கினார். ஏழாவது வளைவுக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று உனக்குத் தெரியும் அக்கா, வெறும் பள்ளம். அப்பா மலைப் பக்கம் விழாமல் இருந்திருந்தால் என்று நினைத்து நினைத்துத் தூக்கம் வரவில்லை, உட்காரவும் முடியவில்லை, நாலு வரி எழுதுகிறேன், எழுந்து போய் வண்டியைத் தொட்டுப் பார்க்கிறேன், திரும்ப வருகிறேன். மிதிக்கிற கம்பியை அழுத்திப் பார்த்தேன், கல் மாதிரி நிற்கிறது.

மெக்கானிக் சங்கிலி அண்ணன் சாயங்காலம் வந்து மோந்து பார்த்துவிட்டு, "ஆயில் இல்லாம ஓடுன மாதிரில இருக்கு மாமா" என்று சொன்னது. அப்பா ஒரே வார்த்தையில், "எம்மக கலந்தா" என்றார். அந்த வார்த்தையைக் கேட்ட பிறகு நான் எப்படி வாயைத் திறப்பேன், நீயே சொல். அப்பா கடைவீதியில் போய் வாத்தியாரைக் கண்டபடி பேசிவிட்டும் வந்திருக்கிறார், பலவேசம் மாமா கடையில் நின்றவர்களெல்லாம் கேட்டிருக்கிறார்கள். ஞானதுரை வாத்தியார் எனக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறவர். வண்டியைக் கொடுத்த அன்று அவர் அதைப் பிரிய மாட்டாமல் கைக்குட்டையால் விளக்கைத் துடைத்துக்கொண்டே, "ஆயில் மட்டும் மறந்துராதீக அண்ணாச்சி, மத்தபடி இது உங்கள விட்டுட்டுப் போகாது" என்று சொன்னார், நான் பக்கத்தில் நின்றேன். இலைக்கட்டைக் கணக்கிட வேண்டாம், தோல் போனதைக்கூட விடு, நாளை அவர் வாசலில் நாலு பேர் நின்று கூச்சல் போடுவார்கள், அவர் மனைவி கதவைச் சாத்துவார்கள். அதை நினைத்தால்தான் தாங்கவில்லை.

சொல்லிவிடலாம் என்று நினைக்கிறேன். ஆனால் சொன்னால் ஏன் கலக்கவில்லை என்று கேட்பார், அதைச் சொல்ல வேண்டும், எந்த நேரத்திலிருந்து என்று சொல்ல வேண்டும். அப்போது என்ன வரும் என்று எனக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை இவள் வீட்டுக்குள் நடமாடியிருக்கிறாள், அதனால்தான் இலை வெந்தது, அதனால்தான் விழுந்தேன் என்று வரும். நீ வயசுக்கு வந்த வருஷம் கொடிக்காலில் ஒரு பாத்தி அழுகியதற்கு உன்னைத்தான் சொன்னார்கள். நீ தெரியாமல் கொடி ஓரம் நடந்துவிட்டாய் என்று. அப்போது நான் சின்னப் பிள்ளை, நீ இதே சாய்ப்பில் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்திருந்தது மட்டும் ஞாபகம் இருக்கிறது, நான் மிட்டாய் கொண்டுவந்து கொடுத்தேன், நீ வாங்கவில்லை. கல்யாணம் ஆகிறவரைக்கும் அந்தப் பேச்சு போகவில்லை. அதற்காகத்தான் நீ அவ்வளவு தூரத்து மாப்பிள்ளைக்குச் சம்மதித்தாயோ என்று அடிக்கடி நினைப்பேன். உன்னைக் கேட்டு எழுதலாம் என்றுதான் தாளை எடுத்தேன். எழுதிய பிறகுதான் தெரிகிறது, இது உனக்கு வந்து சேர ஐந்து நாள், உன் பதில் வர ஐந்து நாள். வாத்தியார் வீட்டுக்கு விடிந்தால் போய்விடுவார்கள். கோழி ஒரு தடவை கூவிவிட்டது. அக்கா, அப்பா கடிதத்தை ஒட்டுவதற்கு முன்னால் எப்போதும் எழுதினதை வாசிக்கச் சொல்வார். வாயால் சொல்லச் சொன்னால் எனக்கு வராது. வாசிக்கச் சொன்னால் வாசித்துவிடுவேன் என்று நினைக்கிறேன். எனக்குப் பயமாக இருக்கிறது.

செவ்வாய் காலை

அக்கா, வாசித்துவிட்டேன். அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "வெரசா வாசி ஆத்தா, ஆளுக வந்துருவாக" என்று வாசல்படியில் நின்றார். அவர் சொன்னதை வாசித்து முடித்தேன், நிறுத்தாமல் என்னுடையதையும் வாசித்தேன், தலையைத் தூக்கவில்லை. வீட்டுக்குத் தூரம் என்ற இடத்தில் அம்மா அடுப்படியிலிருந்து, "ஏய், நிறுத்துடி" என்றாள். அப்பா, "வாசிக்கட்டும்" என்றார். முடித்ததும் அப்பா துண்டைத் தோளிலிருந்து எடுத்துக்கொண்டு வாசல்படியிலேயே உட்கார்ந்தார். பிறகு, "ஆயிலு இல்லேன்னு ஒரு வாக்கு, ஒரே வாக்கு சொல்லியிருந்தா நானே எடுத்து ஊத்தியிருப்பேன்ல, ஏன்னு கேட்டிருப்பேனா நானு" என்று கேட்டார். கேட்டிருப்பார் அக்கா, அது அவருக்கும் தெரியும், அதனால்தான் அதற்குமேல் என்னைப் பார்க்கவில்லை. வந்த ஆட்களைத் திருப்பி அனுப்பிவிட்டார். அவர் மட்டும் ஒரு கட்டு வெற்றிலையை எடுத்துக்கொண்டு வாத்தியார் வீட்டுக்கு நொண்டிக்கொண்டே கிளம்பினார், தெருமுனை வரை போய்விட்டு, "அந்த மனுசன் வெத்தல போட மாட்டாருல்ல" என்று திரும்பி வந்து, வெற்றிலையை வைத்துவிட்டு ஒரு சீப்பு வாழைப்பழம் எடுத்துக்கொண்டு போனார். அங்கே என்ன பேசினார்கள் என்று சொல்லவில்லை. சங்கிலி அண்ணனையும் வாத்தியாரையும் கூட்டிக்கொண்டு வந்தார், மூன்று பேரும் இப்போது வண்டியைப் பிரித்துக்கொண்டிருக்கிறார்கள், வாத்தியார் என்னைப் பார்த்து, "நாலு லிட்டருக்கு எத்தன இங்க் புட்டி, சொல்லு பாப்பம்" என்று கேட்டார், எனக்கு அழுகை வந்துவிட்டது. கடைசியை அப்பா இப்போதுதான் என் பக்கத்தில் வந்து குத்தவைத்துக்கொண்டு சொன்னார், சொன்னபடியே எழுதுகிறேன்.

முருகம்மா, வண்டி நல்ல வண்டி, மாப்பிள்ளையைத் தாராளமாக வாங்கச் சொல். நேற்றுச் சொன்னதை அடித்துவிடச் சொன்னேன், இவள் அடிக்க மாட்டேன் என்கிறாள், இருக்கட்டும், படித்துவிட்டு மறந்துவிடு. ஆயில் டின்னைச் சாமி பலகையிலிருந்து எடுத்துச் சாய்ப்பில் ஆணி அடித்து மாட்டிவிட்டேன், உன் அம்மா முணுமுணுக்கிறாள். மாப்பிள்ளையும் வீட்டில் யாரும் எந்த நாளும் போய் எடுக்கிற இடமாகப் பார்த்து ஆயிலை வைக்க வேண்டும், இதை ஞாபகமாகச் சொல். இன்னொன்று. அந்த வருஷம் கொடிக்காலில் பாத்தி அழுகியது மடை அடைத்துத் தண்ணீர் நின்றதால். மடையை அடைத்தது நான், திறக்க மறந்தவனும் நான். அது எனக்கு அப்போதே தெரியும் ஆத்தா. பத்து வருஷமாக உன்னிடம் சொல்லவில்லை. மழைக்காலம் வருகிறது, பேரனுக்குக் காதைக் கட்டி வெளியே அனுப்பு. நீங்கள் மூவரும் எந்தக் குறையும் இல்லாமல் நிறைந்த ஆயுளோடு இருக்க வேண்டும். தீபாவளிக்கு மாப்பிள்ளைக்கு லீவு கிடைக்காவிட்டாலும், நீ மட்டுமாவது வந்துவிட்டுப் போ.

உன் அப்பா,
சுருளிவேல்

எழுதியதும் வாசித்ததும்,
சுப்புத்தாய்